பிள்ளையை வளர்ப்பவர்களுக்கும் உதவி உண்டு

வணக்கம். போன வாரம் ஒரு பாட்டி கேட்டிருந்தார்: மகள் இறந்ததிலிருந்து பேரன் படுக்கையை நனைக்கிறான், தொட்டதற்கெல்லாம் கத்துகிறான், இரண்டு அடி போட்டால் சரியாகுமா என்று. அடிக்க வேண்டாம் அம்மா. அது அடம் இல்லை, பயம்.

14416-க்கு போன் செய்யுங்கள். இது டெலி மானஸ் என்ற மனநல உதவி எண், 2022-இல் மத்திய அரசு தொடங்கியது. இலவசம், ராத்திரி 2 மணிக்கும் தமிழிலேயே பேசலாம். பிள்ளைக்காக மட்டுமல்ல, உங்களுக்குத் தூக்கம் போனாலும் கூப்பிடலாம். இதைத்தான் நாம் மறந்துவிடுகிறோம்.

பணக் கஷ்டம் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் கேளுங்கள். மிஷன் வாத்சல்யா திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் உண்டு. குடும்ப ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது.

போக்சோ வழக்கு, அதாவது பிள்ளைகள் மீதான பாலியல் குற்ற வழக்கு நடக்கும் வீட்டார், குழந்தைகள் நலக் குழுவிடம் ஆதரவு நபர் வேண்டும் என்று கேட்கலாம். விசாரணை, கோர்ட் எல்லாவற்றிலும் அவர் கூட இருப்பார். அவசரம் என்றால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு கூப்பிடுங்கள்.

அப்புறம், பிள்ளையின் பெயரையோ படத்தையோ இங்கே போடாதீர்கள். போக்சோ வழக்கில் அடையாளத்தை வெளியிடுவது குற்றம். கேள்வி இருந்தால் எனக்குத் தனியாக அனுப்புங்கள்.