கொச்சி – லட்சத்தீவு கப்பல் பயணம்: அடையாள அட்டை பற்றி

வணக்கம் நண்பர்களே,

டிசம்பர் 12, சனிக்கிழமை கொச்சியில் கப்பல் ஏறுகிறோம். காலை 10 மணிக்குள் துறைமுகத்தில் இருக்க வேண்டும். விவேகானந்தர் பாறைப் படகுபோல டிக்கெட்டைக் காட்டி ஏறிவிட முடியாது. எனவே:

1. பெரியவர்கள் ஆதார், வாக்காளர் அட்டை, பாஸ்போர்ட் இவற்றில் ஒன்றின் அசலைக் கொண்டு வாருங்கள். போனில் எடுத்த போட்டோ வேண்டாம். போன தடவை டூரில் ஒருவர் அப்படி வந்து, வாசலில் ஒரு மணி நேரம் எல்லோரையும் நிற்க வைத்தார். (யாரென்று அவருக்கே தெரியும்!)

2. பான் கார்டை மட்டும் நம்பி வராதீர்கள், அதில் முகவரி கிடையாது.

3. நமக்குப் பெரிய தொல்லை இனிஷியல்தான். ஆதாரில் 'செல்வி ஆர்', டிக்கெட்டில் 'செல்வி ராஜன்' என்றிருந்தால் கேள்வி வரும். கல்யாணத்துக்கு அப்புறம் பெயர் மாற்றியவர்கள் கண்டிப்பாகச் சரிபாருங்கள். அட்டையில் உள்ள எழுத்துகளை அப்படியே எனக்கு அனுப்புங்கள். டிக்கெட் போடும் முன் என்றால் திருத்துவது சுலபம்.

4. குழந்தைகளுக்கு ஆதார், கூடவே பிறப்புச் சான்றிதழ். ஐந்து வயதுக்குள் என்றால் நீல நிற ஆதார்.

5. லட்சத்தீவில் இறங்க நுழைவு அனுமதி வேண்டும். அதை ஏஜென்ட் வாங்கித் தருவார். 2 போட்டோ கொடுங்கள்.

6. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றவர்களுக்கு விதி வேறு. தனியாகக் கூப்பிடுங்கள்.

வரும் ஞாயிறு இரவு 8 மணிக்குள் பெயர், வயது, எந்த அட்டை என்று இங்கேயே பதில் போடுங்கள். கட்டைவிரல் மட்டும் போட்டால் கணக்கில் சேராது.