எங்கள் தையலறையில் ஒரு வாலு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்கள் வீட்டுக்கு ஒரு பூனைக்குட்டி வந்திருக்கிறது. பெயர் வாலு. வயது சுமார் மூன்று மாதம். உங்கள் குயில்ட்டுகளை, அதாவது துண்டுத் துணிகளை இணைத்து நடுவில் பஞ்சு வைத்த போர்வைகளை, தைப்பதும் இதே வீட்டில்தான் என்பதால், இந்தச் செய்தி முதலில் உங்களுக்குத் தெரிய வேண்டும். சில ஆர்டர்கள் இந்த முறை கொஞ்சம் தாமதமாகத்தான் வந்து சேரும். அதற்கான காரணத்தையும், உங்கள் துணிகளை இப்போது எப்படி வைத்திருக்கிறோம் என்பதையும் விளக்கவே இந்த மடல்.

வாலுவின் சேட்டையைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. துண்டுத் துணிகளை வண்ணம் பார்த்துத் தரையில் அடுக்கினால், ஓடி வந்து நடுவில் சறுக்கி விழுந்து வரிசையையே மாற்றிவிடுகிறாள். தையல் மெஷினில் நூல் சுற்றிப் போடும் குட்டி உருளையான பாபினை உருட்டிக்கொண்டு அலமாரிக்கு அடியில் போய்விடுகிறாள். மேல்துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் விரித்து ஊக்கு குத்தும் நேரத்தில், அடியில் ஒரு சின்ன மேடு நகர்ந்து போகும். இஸ்திரி போட்டு வைத்த துணி என்றால் கேட்கவே வேண்டாம், சூடு ஆறுவதற்குள் ஏறிப் படுத்துவிடுவாள். பூனைகளுக்குச் சுகமான வெப்பநிலை ஏறக்குறைய 30 முதல் 38 டிகிரி செல்சியஸ் வரை. நமக்கு வெக்கையாக இருப்பதுதான் அவளுக்கு இதம். இதையெல்லாம் பார்த்துக்கொண்டே வேலை செய்வது எங்கள் எல்லோருக்கும் மனசுக்கு நிறைவாக இருக்கிறது.

ஆனால் தையலறையும் பூனைக்குட்டியும் சேர்வதில் உண்மையான ஆபத்து ஒன்று உண்டு. அது கத்தரிக்கோலோ ஊசியோ மட்டுமல்ல, சாதாரண நூல். பூனையின் நாக்கில் இருக்கும் சின்னச் சின்ன முட்கள் தொண்டைப் பக்கமாகச் சாய்ந்திருக்கும். நூல் அதில் மாட்டிக்கொண்டால் பூனையால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கத்தான் செய்யும். சில சமயம் நூலின் ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலிலோ சிக்கி நிற்கும், மிச்சம் குடலுக்குள் இறங்கிவிடும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும்போது, நாம் நூலை இழுத்துத் துணியில் சுருக்கு வைப்போமே, அதே போலக் குடலும் அந்த நூலின் மேல் சுருங்கிக்கொள்கிறது. இறுகிய நூல் குடல் சுவரையே அறுத்துவிடலாம். அந்த நிலைக்குப் போனால் பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான் வழி.

உங்களில் பலர் வீட்டில் பூனையும் உண்டு, தையலும் உண்டு என்பது எனக்குத் தெரியும். அதனால் இதையும் சொல்லிவிடுகிறேன். பூனை திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, சாப்பிடாமல் சோர்ந்து ஒதுங்கிக் கிடந்தாலோ, வாயைக் காலால் தேய்த்துக்கொண்டே இருந்தாலோ தாமதிக்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள். வாயிலோ பின்புறத்திலோ நூல் தொங்குவதைப் பார்த்தால் தயவுசெய்து இழுக்காதீர்கள். உள்ளே எங்கே மாட்டியிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாது. இழுப்பதே குடலை அறுத்துவிடலாம்.

இதற்காகத்தான் தையலறையின் நடைமுறையை மாற்றியிருக்கிறோம், வேலை மெதுவாகப் போவதும் இதனால்தான். நூல் கண்டுகள் எல்லாம் மூடி போட்ட பெட்டிக்குள் போய்விட்டன. வெட்டிய நூல் துணுக்குகளைப் போட மூடியுள்ள டப்பா ஒன்று ஒவ்வொரு மெஷின் பக்கத்திலும் இருக்கிறது. ஊசியையும் குண்டூசியையும் வேலை தொடங்கும்போதும் முடியும்போதும் எண்ணுகிறோம். மெஷினை விட்டு எழுந்தால் சுவிட்சை அணைத்து பிளக்கையும் பிடுங்கிவிடுகிறோம், ஏனென்றால் குட்டி பெடல் மேல் ஏறினால் மெஷின் ஓடத் தொடங்கிவிடலாம். ஊக்கு குத்திய குயில்ட்டைத் தரையில் விட்டுவிட்டு மறுநாள் தொடரும் பழக்கம் இனி இல்லை. ஒவ்வொரு நாளும் சுருட்டி உள்ளே வைக்கிறோம். வாலு அறைக்குள் வருவது யாராவது கூட இருக்கும்போது மட்டும்தான். மெஷின் ஓடும் நேரத்தில் கதவு சாத்தியே இருக்கும்.

அலமாரியில் அந்துருண்டையும் கிடையாது. அதிலுள்ள நாஃப்தலீன் பூனைகளுக்கு நஞ்சு. வாசனை எண்ணெய்களிலும் பல அவற்றுக்கு ஆகாது. ஆகவே துணிகளை நன்றாகக் காயவைத்து, இறுக மூடும் பெட்டிகளில் எந்த வாசனையும் சேர்க்காமல் வைக்கிறோம்.

குழந்தையின் முதல் சட்டை, மறைந்தவர் உடுத்திய துணி என்று நினைவுக்காகக் கொடுத்து வைத்திருப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். அவை தனி அலமாரியில் பூட்டி இருக்கின்றன. கிழிந்தால் அதே துணியை மறுபடி வாங்க முடியாது என்பது எங்களுக்குத் தெரியும். அந்த வேலைகள் நடக்கும் நாளில் வாலு தையலறைப் பக்கமே வர மாட்டாள்.

அடுத்தது ஒவ்வாமை. இதை மறைத்துப் பேசுவது சரியாகாது. பூனை ஒவ்வாமைக்கு முக்கியக் காரணம் முடி அல்ல, அவற்றின் எச்சிலிலும் தோல் சுரப்பிகளிலும் உண்டாகும் ஃபெல் டி 1 என்ற புரதம். பூனை தன்னை நக்கிச் சுத்தம் செய்யும்போது அது முடியில் ஒட்டி, காய்ந்து, மிக நுண்ணிய துகளாகக் காற்றில் பறந்து துணிகளில் படியும். துவைத்தால் பெருமளவு போகும். இனி எல்லாக் குயில்ட்டுகளையும் துவைத்துக் காயவைத்த பிறகே அனுப்புவோம். ஆனாலும் துளிகூட இருக்காது என்று என்னால் உறுதி தர முடியாது. உங்கள் வீட்டில் யாருக்காவது பூனை ஒவ்வாமையோ ஆஸ்துமாவோ இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். துணி இன்னும் வெட்டப்படவில்லை என்றால் முன்பணத்தை முழுதாகத் திருப்பித் தருகிறோம், பூனை இல்லாத இடத்தில் தைப்பவர் ஒருவரிடம் பேசியும் வைக்கிறோம். இதில் சங்கடப்பட ஒன்றுமே இல்லை.

பூனை வளர்ப்பவர்கள் ஆர்டர் கொடுக்கும்போது அதையும் ஒரு வார்த்தை சொல்லுங்கள். அப்படிப்பட்ட வீட்டுக்கு நூல் முடிச்சுப் போட்டு அடுக்குகளைப் பிணைக்கும் குயில்ட் வேண்டாம் என்பது என் கருத்து, குட்டிகள் அந்த முடிச்சுகளைக் கடித்து இழுக்கும். குஞ்சம், ரிப்பன், பொத்தான் எதுவும் வேண்டாம். நெருக்கமாக நெய்த பருத்தித் துணியில் நெருக்கமாகத் தையல் ஓட்டினால் நகம் அவ்வளவாக மாட்டாது. அப்படியும் எங்காவது இழை வெளியே வந்துவிட்டால் வெட்டாதீர்கள், முனை மழுங்கிய ஊசியால் பின்பக்கம் தள்ளிவிடுங்கள். அப்புறம், ஒட்டியிருக்கும் முடியைத் துவைப்பதற்கு முன்பே ஈரமான ரப்பர் கையுறையால் வழித்து எடுத்துவிடுங்கள். தண்ணீரில் நனைந்தால் துணியோடு இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

வாலுவுக்கு இப்போது பால் பற்கள் விழும் பருவம் தொடங்குகிறது. 26 பால் பற்கள் விழுந்து 30 நிலைப் பற்கள் முளைத்து முடிய ஆறேழு மாத வயது ஆகிவிடும். அதுவரை கண்ணில் பட்டதையெல்லாம் கடிப்பாள். ஆகவே அதுவரை வழக்கத்தைவிடக் குறைவான ஆர்டர்களையே எடுக்கிறோம். ஏற்கெனவே ஆர்டர் கொடுத்த ஒவ்வொருவருக்கும் புதிய தேதியைத் தனித்தனியாகத் தெரிவிப்போம். அந்தத் தேதி உங்களுக்குச் சரிப்படாது என்றால், குறிப்பாகப் பிறந்தநாளுக்கோ பிரசவத்துக்கோ கேட்டிருந்தால், உடனே சொல்லுங்கள். அவற்றை முதலில் எடுத்துத் தைத்துவிடுகிறோம்.

அன்புடன்,
தையலறையிலிருந்து