அம்மாவின் கிளினிக் கொப்பியில் பிள்ளைகளுக்கும் இடம் வேண்டும்

சுகாதார அமைச்சின் தொற்றா நோய்ப் பிரிவு அதிகாரிகளுக்கு,

வணக்கம். வெள்ளவத்தையிலிருந்து எழுதுகிறேன்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் வந்து 19 வருடங்கள். மாதாமாதம் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போவது தம்பிதான். விடியப் போய் நம்பர் எடுப்பான், கொப்பியைக் கொடுப்பான், குளிசைப் பையை வாங்கிக்கொண்டு வேலைக்கு ஓடுவான். இத்தனை வருடத்தில் ஒருவரும், "தம்பி, நீங்கள் சீனி பார்த்தீர்களா?" என்று கேட்கவில்லை. போன வருடம் சப்பாத்து கடித்த கால்விரல் ஆறவேயில்லை. அப்போதுதான் இரத்தம் கொடுத்தான். வெறும் வயிற்றில் 212. வயது 38. பார்த்தால் மெலிந்த ஆள், வயிறு மட்டும் கொஞ்சம் முன்னால்.

"பரம்பரை வருத்தம், என்ன செய்யிறது" என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அந்தப் பேச்சுத்தான் என்னை இன்னும் வதைக்கிறது.

பரம்பரை என்பது உண்மைதான். ஆனால் இரண்டாம் வகை நீரிழிவை ஒரே மரபணு கொண்டுவருவதில்லை. நூற்றுக்கணக்கான சிறு மாற்றங்கள், ஒவ்வொன்றும் ஆபத்தைத் துளித்துளியாகக் கூட்டும். பரவலாகக் காணப்படும் மாற்றங்களில் வலுவானது டிசிஎஃப்7எல்2 மரபணுவில் இருப்பது. 2006இல் ஐஸ்லாந்து ஆய்வாளர்கள் கண்டறிந்தார்கள். அது கணையம் இன்சுலின் சுரப்பதைத் தளர்த்துகிறது. தாயிடமிருந்தோ தகப்பனிடமிருந்தோ அதன் ஒரு பிரதி வந்திருந்தால் ஆபத்து ஏறக்குறைய 40 வீதம் கூடும். அவ்வளவுதான்.

அப்புறம், அமெரிக்காவின் நீரிழிவுத் தடுப்பு ஆய்வு. சீனி கூடியும் இன்னும் நோய் என்னும் எல்லையைத் தொடாதவர்கள் உடல் எடையில் 7 வீதம் குறைக்கவும் வாரம் 150 நிமிடம் நடக்கவும் முயன்றார்கள். நோய் வருவது 58 வீதம் குறைந்தது என்று 2002இல் அறிவித்தார்கள். பிறகு அவர்களின் மரபணுவையும் பார்த்தார்கள். அந்த மாற்றத்தின் இரண்டு பிரதிகளும் உள்ளவர்களில்கூட, இப்படி முயன்றவர்களிடம் கூடுதல் ஆபத்து பெரும்பாலும் தெரியவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

விலை கூடிய மரபணுச் சோதனை கேட்கவில்லை. நோயாளியின் கொப்பியில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: பிள்ளைகள், சகோதரர்கள், கடைசியாகச் சீனி பார்த்த திகதி. கூட வருகிறவர் அநேகமாக வெறும் வயிற்றோடுதான் நிற்பார், அவருக்கும் அங்கேயே சீனி பார்க்க ஒரு குத்து. உடல் நிறைச் சுட்டெண் (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் கணக்கு) 25ஐத் தாண்டும்வரை காத்திருக்கவும் வேண்டாம். ஆசியர்களுக்கு 23இலேயே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இலேயே சொல்லிவிட்டது.

தம்பியின் மூத்த மகளுக்கு இப்போது 14. அவளின் பெயரை எந்தக் கொப்பியில் எழுதுவது என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு அக்கா