டியூபைத் தடுங்கள், பக்கெட்டை விட்டுவிடுங்கள்

நீலகிரியின் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி மன்றத்தார் அனைவருக்கும், உதகையில் மஞ்சள் போர்டு வண்டி ஓட்டும் ஒருவனின் வணக்கம்.

வீட்டு வாசலில் கார் கழுவுவதற்கு நம் மலைக்கென்று ஒரு விதி வேண்டும் என்று கேட்கத்தான் இந்த மடல். கழுவவே கூடாது என்று சொல்ல வரவில்லை. எதால் கழுவலாம், எங்கே கழுவலாம், கழுவிய தண்ணீர் எங்கே போகக் கூடாது, இதை மன்றம் வாய் திறந்து சொல்ல வேண்டும். இன்று யாரும் எதுவும் சொல்வதில்லை. அவரவர் மனசுதான் விதி.

22 வருஷமாக டிஎன் 43 வண்டி ஓட்டுகிறேன். ஓட்டுநருக்குக் கழுவுவது ஆடம்பரம் இல்லை, தொழிலில் பாதி அதுதான். டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை 5 மணிக்கு வண்டியை எடுத்தால் முன்கண்ணாடி முழுக்க உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். ஜூன், ஜூலையில் அவலாஞ்சி, எமரால்டு பக்கம் போய்வந்தால் மட்கார்டுக்குள் சேறு அப்பி, டயரோடு சேர்ந்து காய்ந்துவிடும். இதெல்லாம் கூடப் பரவாயில்லை. மசினகுடியிலிருந்து கல்லட்டி வழியாக 36 கொண்டை ஊசி வளைவு ஏறி வரும்போது பின்சீட்டில் ஒரு குழந்தையாவது வாந்தி எடுத்துவிடும். பாவம், அது என்ன செய்யும்? மேட்டைக் கழற்றி அலசிவிடலாம். சீட் பெல்ட் உள்ளே போகிற இடுக்கில் இறங்கியதைப் பழைய பல் பிரஷ்ஷால்தான் எடுக்க வேண்டும். அடுத்த பார்ட்டி 2 மணிக்கு ஸ்டாண்டில் நிற்பார்கள். கதவைத் திறந்ததும் மூக்கைப் பொத்தினால் அந்த ட்ரிப் போச்சு. அதனால் "வாகனம் கழுவத் தடை" என்று ஒற்றை வரியில் போர்டு வைத்துவிடாதீர்கள். எங்களால் அதற்குக் கட்டுப்பட முடியாது. கட்டுப்பட முடியாத விதியை ஒளிந்து ஒளிந்து மீறத்தான் ஆட்கள் பழகுவார்கள்.

நானும் தப்பு செய்தவன்தான். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் ரோட்டோர ஓடையைப் பார்த்தால் வண்டியை இறக்கிவிடுவேன். சோலைக்குள்ளிருந்து வருகிற தண்ணீர், கை வைத்தால் விறைக்கும். அதில் சோப்புத்தூளைக் கரைத்துக் கழுவுவேன். பத்தடி கீழே அதே ஓடையில் ஒரு அம்மா குடத்தை வைத்துக்கொண்டு, நான் முடிக்கட்டும் என்று காத்திருந்த நாளும் உண்டு. அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அப்போது எனக்கு அது உறைக்கவில்லை, இப்போது உறைக்கிறது.

என்னை மாற்றியது எங்கள் படிக்கட்டு. எங்கள் லைன் வீடுகள் ரோட்டுக்குக் கீழே இருக்கின்றன, இறங்க 41 படி. மேலே ரோட்டு ஓரத்தில் சுற்றுலாப் பயணிகள் தங்கும் ஒரு காட்டேஜ் வந்தது. பெயர் வேண்டாம். காலையில் விருந்தினர்களின் கார்களைப் பிரஷர் பம்பு வைத்து, நுரை பொங்க, வரிசையாகக் கழுவுவார்கள். ரோட்டு ஓரச் சாக்கடை குப்பையால் அடைத்துக் கிடக்கும். நுரைத் தண்ணீர் தாண்டி வந்து எங்கள் படியில் இறங்கும். தேயிலைத் தோட்டத்தில் இலை பறிக்கிற அக்கா ஒருவர் பொதுக்குழாயில் பிடித்த இரண்டு குடத்தோடு இறங்கியபோது, பாசியும் சோப்பும் சேர்ந்த படியில் கால் வழுக்கி, மணிக்கட்டு எலும்பு முறிந்தது. இரண்டு மாதம் இலை பறிக்க முடியவில்லை, கூலியும் இல்லை.

அன்று கழுவியது அவர்கள். அதற்கு முந்தின ஞாயிறு அதே இடத்தில், அதே சாக்கடைக்குள், கழுவியது நான்.

அதற்குப் பிறகுதான் கணக்குப் பார்த்தேன். எங்கள் வீட்டு அரை இன்ச் டியூபில் 15 லிட்டர் பக்கெட்டைப் பிடித்தேன், ஒரு நிமிஷத்தில் நிறைந்தது. டியூபைத் திறந்து போட்டுவிட்டு ஒரு காரைச் சுற்றிக் கழுவ 20 நிமிஷம் ஆகிறது. 300 லிட்டர். பக்கெட்டில் கழுவினால் முதலில் ஒரு பக்கெட் தண்ணீரைத் தெளித்து மண்ணை ஊறவிட வேண்டும், இரண்டாவதில் துணியை நனைத்து மேலிருந்து கீழாக இழுக்க வேண்டும், மூன்றாவதில் அலசிவிடலாம். 45 லிட்டரில் முடிந்துவிடும். மழை இல்லாத நாளில் 2 பக்கெட்டே போதும். பாதாளச் சாக்கடை உள்ள ஊரில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர் கொடுக்க வேண்டும் என்பதுதான் நம் நாட்டின் குடிநீர்த் திட்டங்களுக்கான அளவு. ஒரு கார் இரண்டு பேருடைய ஒரு நாள் தண்ணீரை 20 நிமிஷத்தில் குடித்துவிடுகிறது.

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் வெளியூர் வண்டிகள் மலை ஏற இ-பாஸ் என்ற அனுமதிச் சீட்டு வந்தது. 2025 சீசனில் வார நாளில் 6000 வண்டி, சனி ஞாயிறில் 8000 வண்டி என்று எண்ணிக்கையும் கட்டினார்கள். அந்த 6000-ல் பத்தில் ஒரு வண்டியை மட்டும் இங்கே டியூபில் கழுவுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே நாளில் 1,80,000 லிட்டர். வண்டியை எண்ணத் தெரிந்த நாம் அது குடிக்கும் தண்ணீரை எண்ணவில்லை.

"ஊட்டியில் மழைக்கா பஞ்சம்?" என்று சமவெளிக்காரர் கேட்பார். மழை உண்டு, பிடித்து வைக்க இடம் கொஞ்சம். உதகைக்குப் பார்சன்ஸ்வேலிதான் பெரிய ஆதாரம், அதோடு மார்லிமந்து, டைகர்ஹில் மாதிரி சின்னச் சின்ன அணைகள். குன்னூருக்கு ரேலியா, கோத்தகிரிக்கு ஈளாடா. மழையில் நிறைவதை வைத்துத்தான் அடுத்த கோடையை ஓட்ட வேண்டும். தண்ணீர் இறங்குகிற ஏப்ரல், மே மாதங்களில்தான் மலர்க் கண்காட்சி, சீசன், கூட்டம் எல்லாம். எங்கள் தெருவில் குழாய் வருகிற நாளை காலண்டரில் வட்டம் போட்டு வைக்கிறோம். அந்த வட்டங்களுக்கு நடுவே மேல் ரோட்டில் டியூப் ஓடுவதைப் பார்க்க வயிறு எரிகிறது.

கழுவிய தண்ணீர் எங்கே போகிறது என்பதுதான் இதைவிடப் பெரிய விஷயம். கக்கூஸ் தண்ணீருக்காவது பாதாளச் சாக்கடை, சுத்திகரிப்பு நிலையம் என்று ஒரு வழி இருக்கிறது. ரோட்டு ஓர மழைநீர்க் கால்வாயில் போவது அப்படியே ஓடைக்குப் போய்விடும். உதகையில் அது கோடப்பமந்து கால்வாயில் சேரும், கால்வாய் ஏரியில் சேரும். ஜான் சல்லிவன் 1823-ல் தொடங்கி 1825-ல் முடித்த அதே ஏரிதான், ஆகாயத்தாமரை படர்ந்தால் நாம் முகம் சுளிக்கிற அதே ஏரி. அந்தப் பக்கத்து ஓட்டம் எல்லாம் கடைசியில் மாயாறாகி பவானிசாகரில் விழுகிறது. குன்னூரில் கழுவினால் குன்னூர் ஆறு, அது மேட்டுப்பாளையத்தில் பவானி. கீழே அதைத்தான் குடிக்கிறார்கள்.

அந்தத் தண்ணீரில் என்ன இருக்கிறது? சோப்பு மீனின் செவுளில் உள்ள வழவழப்பை அரித்துவிடும், மீனுக்கு மூச்சு முட்டும். சில சோப்புகளில் உள்ள பாஸ்பேட் ஆகாயத்தாமரைக்கும் பாசிக்கும் உரம். மலை வண்டியில் இன்னொன்றும் உண்டு. இறக்கம் முழுக்க பிரேக் பிடித்துப் பிடித்து இறங்குவதால் சக்கரத்தில் கறுப்பாகத் தூள் படியும். அது பிரேக் பேடு தேய்ந்த தூள், பல பேடுகளில் செம்பு கலந்திருக்கும். எஞ்சினைக் கழுவினால் எண்ணெயும் கிரீஸும் சேரும். "இது மக்கும் ஷாம்பு அண்ணா" என்று கடையில் தருவார்கள். மண்ணில் விழுந்தால் மெல்ல மக்கும். நேராக ஓடையில் விழுந்தால் மக்குவதற்குள் செய்ய வேண்டிய கெடுதலைச் செய்துவிடும்.

வெளிநாட்டில், ஜெர்மனி போன்ற இடங்களில், வீட்டு வாசலில் சோப்புப் போட்டுக் கார் கழுவப் பல ஊர்களில் அனுமதி கிடையாது, எண்ணெய் பிரிக்கும் வசதி உள்ள இடத்துக்குத்தான் கொண்டுபோக வேண்டும். வேறு சில நாடுகளில் புல்தரையில் நிறுத்திக் கழுவுங்கள், மண் வடிகட்டிவிடும் என்பார்கள். இந்த இரண்டாவது யோசனையை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். நம் வீடுகள் தடுப்புச்சுவரின் தயவில் நிற்கின்றன. சுவருக்குப் பின்னால் தினமும் 300 லிட்டர் இறங்கினால் மண் ஊறும், தண்ணீர் வெளியேற விட்ட ஓட்டைகள் அடைத்திருந்தால் சுவர் உப்பும். 2009 நவம்பரில் இந்த மாவட்டத்தில் மண் சரிந்து எத்தனை பேரைப் பறிகொடுத்தோம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2 பக்கெட் தண்ணீர் புல்லில் விழுந்தால் ஒன்றும் ஆகாது. அளவுதான் விஷயம்.

ஆகவே நான் கேட்பது இது. பிப்ரவரி முதல் மே முடிய, குடிநீர்க் குழாயில் டியூபோ பிரஷர் பம்போ மாட்டி வண்டி கழுவக் கூடாது. பக்கெட்டுக்கு எந்த நாளும் தடை வேண்டாம். மழைநீர்க் கால்வாயில் தண்ணீர் போகிற இடத்தில் வருஷம் முழுக்க சோப்பு, ஷாம்பு கூடாது. எஞ்சினும் அடிப்பாகமும் வீட்டில் கழுவவே கூடாது, எண்ணெய் பிரிக்கும் தொட்டி உள்ள வாட்டர் சர்வீஸில்தான். ஓடை, ஆறு, அணைக்கரையில் ஒரு சொட்டுக்கூடக் கூடாது. கூரையில் பிடித்த மழைநீரை அவரவர் இஷ்டம்போல் பயன்படுத்தட்டும், சோப்பு விதி மட்டும் அதற்கும் உண்டு.

மழைநீர் என்றால் பெரிய செலவில்லை. 100 சதுர அடித் தகரக் கூரையில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 90 லிட்டருக்கு மேல் இறங்கும். நான் 200 லிட்டர் டிரம் ஒன்றை வைத்து, வாயில் கொசுவலையைக் கட்டியிருக்கிறேன். ஜூனிலிருந்து டிசம்பர் வரை என் வண்டிக்குக் குழாய்த் தண்ணீர் தேவைப்பட்டதே இல்லை.

விதியோடு ஒரு இடமும் வேண்டும். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். வாட்டர் சர்வீஸில் ஒரு தடவைக்கு 400, 500 ரூபாய் கொடுத்து தினமும் கழுவ எந்த டாக்சிக்காரனாலும் முடியாது. ஒவ்வொரு டாக்சி ஸ்டாண்டுக்குப் பக்கத்திலும் சிமென்ட் தளம் ஒன்று, மழைநீர்த் தொட்டி ஒன்று, மண் தங்கும் குழி, எண்ணெய் பிரிக்கும் தொட்டி, நாலு பக்கெட். வண்டிக்கு 30 ரூபாய் வாங்குங்கள், நாங்கள் தருகிறோம். கேத்தி பாலாடாவில் கேரட்டைக் கழுவ இடம் இருக்கிறது. இத்தனை வண்டி வரும் ஊரில் டாக்சியைக் கழுவ ஒரு பொது இடம் இல்லை.

தடையும் மாற்று வழியும் சேர்ந்து வந்தால் இந்த மக்கள் கேட்பார்கள். நாடே யோசிப்பதற்கு முன்னால் பிளாஸ்டிக் பையை விட்டது இந்த மாவட்டம். தண்ணீர் பாட்டிலைத் தடுத்தபோது தண்ணீர் ஏடிஎம் வைத்தீர்கள். சில ஏடிஎம்கள் ஓடாமல் நின்றபோது பாட்டில் திரும்பி வந்ததையும் நாங்கள் பார்த்தோம். கழுவும் இடத்துக்கு அந்தக் கதி வரக் கூடாது. பராமரிப்பை ஓட்டுநர் சங்கங்களிடமே கொடுங்கள்.

அபராதம் பற்றி ஒரு வார்த்தை. 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரில் வண்டி கழுவினால் 5000 ரூபாய் என்றார்கள். 5000 எனக்கு ஒரு வார வருமானம், காட்டேஜுக்கு ஒரு ராத்திரி வாடகை. ஒரே தொகையை எல்லோருக்கும் வைத்தால் சுமை எங்கள் தலையில்தான் விழும். வீட்டுக்காரருக்கும் ஓட்டுநருக்கும் முதல் தடவை எச்சரிக்கை, பிறகு சின்னத் தொகை. தங்கும் விடுதி என்றால் அதன் உரிமத்தில் இந்த நிபந்தனையைச் சேர்த்து, பம்பு வைத்துக் கழுவினால் புதுப்பிக்க மறுங்கள். விருந்தினர் வண்டியைத் துடைக்க ஒரு பக்கெட்டும் துணியும் போதும் என்று விடுதிக்காரர்களுக்கு எடுத்துச் சொல்லுங்கள். அங்கே தங்கும் வெளியூர் டிரைவர் தம்பிகளுக்கும் இது தெரிய வேண்டும், அவர்கள் ஊரில் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இ-பாஸில் வரும் ஊர் விதிகளோடு இதையும் ஒரு வரி சேர்த்தால் ஏறி வரும் முன்பே படித்துவிடுவார்கள்.

சீசனுக்கு முன்பு, ஜனவரிக் கூட்டத்திலேயே இதைத் தீர்மானமாகக் கொண்டுவாருங்கள். 45 லிட்டரில் கார் சுத்தமாகுமா என்று யாருக்காவது சந்தேகம் இருந்தால், அன்று காலை அவலாஞ்சி ட்ரிப் முடித்துச் சேற்றோடு வண்டியை மன்ற வாசலுக்குக் கொண்டுவருகிறேன். 3 பக்கெட் மழைத் தண்ணீரும் துணியும் நானே கொண்டுவருவேன். வெள்ளைக் கைக்குட்டையால் நீங்கள் துடைத்துப் பார்க்கலாம்.

இப்படிக்கு,
41 படிக்குக் கீழே குடியிருக்கும் ஒரு ஓட்டுநர்,
உதகமண்டலம்