நிறுத்தங்களை எண்ணாதீர்கள்: உலக மோட்டார் விளையாட்டு மன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

ஃபார்முலா ஒன் கார் பந்தயத்தின் விதிகளை வகுக்கும் மன்றத்தின் மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நரேன் கார்த்திகேயனுக்காக 2005இல் ஃபார்முலா ஒன் பார்க்கத் தொடங்கியவன் நான். அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில், டயர் தாங்காது என்று மிஷலின் டயர் அணிகள் எல்லாம் ஒதுங்கிக்கொள்ள, ஆறே கார்கள் ஓடிய அந்தப் பந்தயத்தில்தான் அவர் நான்காவதாக வந்து ஐந்து புள்ளிகள் எடுத்தார். நம்மவர் புள்ளி எடுத்த மகிழ்ச்சியோடு, டயர் ஒரு பந்தயத்தையே விழுங்கிவிடும் என்பதையும் அன்றே கண்டேன். அதனால்தான் உங்கள் டயர் விதி ஒவ்வொன்றையும் கவலையோடு படிக்கிறேன். பந்தயத்தின் நடுவே இத்தனை முறை டயர் மாற்ற நின்றே ஆகவேண்டும் என்று விதியால் கட்டாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

முந்துவது கடினமான தெருத் தடம் மொனாக்கோ. 2024இல் அங்கே முதல் சுற்றிலேயே விபத்து; செங்கொடி காட்டிப் பந்தயத்தை நிறுத்தினார்கள். அந்த இடைவேளையில் டயர் மாற்றியதோடு, இரண்டு வகை டயர் பயன்படுத்தும் கடமை முடிந்துவிட்டது. முதல் பத்துப் பேரும் புறப்பட்ட வரிசையிலேயே வந்து சேர்ந்தார்கள். அதற்கு மருந்தாக, மறு ஆண்டு அங்கே குறைந்தது மூன்று செட் டயர் பயன்படுத்தியே ஆகவேண்டும், அதாவது டயர் மாற்ற இருமுறை பிட் என்னும் பணியிடத்தில் நிற்கவேண்டும் என்றீர்கள். அந்த அக்கறையை மதிக்கிறேன். ஆனால் நடந்தது என்ன? ரேஸிங் புல்ஸ் அணியின் லாசன் வேண்டுமென்றே மெதுவாக ஓட்டிப் பின்னால் வந்தவர்களை அடைத்துவைத்தார். அந்த இடைவெளியில் அணித்தோழர் ஹாஜர் இரண்டு பிட் நிறுத்தங்களையும் முடித்துக்கொண்டார். வில்லியம்ஸின் ஆல்பனும் சைன்ஸும் அதையே முறைவைத்துச் செய்தார்கள். பொறுமையிழந்த ரஸ்ஸல் சிகேன் என்னும் நெளிவு வளைவைக் குறுக்கே வெட்டி ஆல்பனைத் தாண்டித் தண்டனை வாங்கினார். நோரிஸ், லெக்லெர்க், பியாஸ்ட்ரி, வெர்ஸ்டாப்பன்: முதல் நால்வர் புறப்பட்ட வரிசையும் அதுதான், முடித்த வரிசையும் அதுதான்.

முன்னால் போகும் கார் கலைத்துவிட்ட காற்றில் பின்னால் வரும் காருக்குப் பிடிமானம் குறைகிறது. டயர் வழுக்குகிறது, மேற்பரப்பு சூடேறுகிறது, இருந்த பிடிமானமும் போகிறது. அந்தப் பின்னடைவை ஈடுகட்டும் அளவுக்குப் பின்னவரின் டயர் புதிதாக இருந்தால்தான் முந்த முடியும். எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் நிறுத்தம் என்று கட்டிவைத்தால் அந்த வித்தியாசம் எங்கிருந்து வரும்?

ஹங்கேரியின் ஹங்கரோரிங்கும் முந்தக் கடினமான தடம்தான். 2019இல் வெர்ஸ்டாப்பனைத் தாண்ட வழியில்லாமல் தவித்த ஹாமில்டன், 48ஆம் சுற்றில் யாரும் கட்டாயப்படுத்தாமல் இரண்டாம் முறை பிட்டுக்குள் போனார். ஏறக்குறைய இருபது விநாடி பின்தங்கி வெளியே வந்தார். ஒவ்வொரு சுற்றாக அந்த இடைவெளி கரைந்ததைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். 67ஆம் சுற்றில் முந்தினார். வெர்ஸ்டாப்பனும் அன்று இருமுறை நின்றே ஆகவேண்டும் என்றிருந்தால் இந்தத் துரத்தலே இல்லை. 2024இல் பெல்ஜியத்தின் ஸ்பாவில் ஒரே நிறுத்தத்தோடு ரஸ்ஸல் தாக்குப்பிடிக்க, புது டயரில் ஹாமில்டன் அரை விநாடி அருகில் வந்து முடித்தார். காரின் எடை குறைவால் ரஸ்ஸல் பிறகு தகுதியிழந்தது வேறு கதை. அந்தக் கடைசிச் சுற்றுகளின் படபடப்பு பொய்யில்லை.

தேயாத டயரைக் கேட்கவில்லை. 2010 அபுதாபியில் பெட்ரோவின் பின்னால் முடியும்வரை சிக்கிக்கிடந்த அலோன்சோ உலகப் பட்டத்தையே இழந்தார். சட்டென்று செத்துப்போகும் டயரும் வேண்டாம். 2012 ஷாங்காயில் இரண்டாம் இடத்தில் போய்க்கொண்டிருந்த ரைக்கோனன் டயர் தீர்ந்து மளமளவென்று பன்னிரண்டாம் இடத்துக்குச் சரிந்தார். அங்கே முந்தியவருக்கும் பெருமையில்லை.

என் கோரிக்கை மூன்று. நிறுத்தங்களின் எண்ணிக்கையை விதியால் கட்டாதீர்கள். உலர்ந்த தடத்தில் இரண்டு வகை டயரைப் பயன்படுத்தியே ஆகவேண்டும் என்ற 2007 முதலான கட்டாயத்தையும் சில பந்தயங்களிலாவது தளர்த்திப் பாருங்கள். அதோடு, ஒரு நிறுத்தமும் இரண்டு நிறுத்தமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் முடியும்படி டயர் வகைகளுக்கிடையே போதிய இடைவெளி வைக்கச் சொல்லிப் டயர் வழங்கும் பிரெல்லி நிறுவனத்தைக் கேளுங்கள். ஒருவர் நிற்காமலே ஓட்டிப் பார்க்கட்டும், இன்னொருவர் மூன்று முறை நின்று துரத்தட்டும்.

மொனாக்கோவின் சிக்கல் வேறு. அந்தத் தெருக்களுக்கு இந்தக் கார்கள் பெரியவை. அதை டயரின் தலையில் கட்டாதீர்கள்.

அன்புடன்,
தமிழ்நாட்டிலிருந்து ஒரு ரசிகன்