வேப்ப நிலை கேட்பவர்களுக்கு

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

வேம்பில் வாசல் நிலை செய்யலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம், வைரம், அதாவது மரத்தின் உள்கட்டை, மட்டும் என்றால். வேம்பு கசப்பு, பூச்சி அண்டாது என்பது பாதிதான் உண்மை. உள்ளே செம்பழுப்பாக இருக்கும் வைரத்தைக் கரையான் எளிதில் தொடாது. வெளிச்சுற்றில் உள்ள வெளுத்த மரத்தில் மாவுச்சத்து உண்டு, அதைத் தேடி வண்டு வரும். நிலைக்கடியில் வண்டு அரித்த மாவு கொட்டினால் சட்டத்தில் இந்த வெள்ளை கலந்திருக்கிறது என்று அர்த்தம்.

7 அடிக்கு 3½ அடி நிலை, 5க்கு 3 அங்குலச் சட்டம், கீழ்ச்சட்டமும் சேர்த்து 21 அடி ஓடும், ஏறக்குறைய 2.2 கன அடி. வெள்ளையைக் கழித்துத்தான் இந்த அளவு தருகிறோம். விலை கூடுதலாகத் தெரிவது அதனால்தான்.

வேம்பின் நார் ஒரே திசையில் ஓடாது. இழைக்கும்போது ஒரு சாண் வழுவழுப்பாக வரும், அடுத்த சாணில் நார் பிய்ந்து எழும். இழைப்புளி அலகை நன்றாகத் தீட்டி, மெல்லிய சீவலாக, சற்றுச் சாய்த்து ஓட்டச் சொல்லுங்கள். பிறகு 80, 120, 180 எண் உப்புத்தாள், அதே வரிசையில். தேக்கு போல மினுமினுக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். எங்களைக் கேட்டால் பெயின்ட்தான் பொருத்தம். தூள் மூக்கையும் கண்ணையும் உறுத்தும், முகக்கவசம் அவசியம்.

பச்சை மரத்தில் நிலை அடித்தால் காய்கிறபோது சட்டம் முறுக்கும், கழுந்து (சட்டங்களைப் பொருத்தும் முனை) தளரும், கதவு பிடிக்கும். ஈரமானியில் 12 முதல் 15 சதவீதம் காட்டிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். சுவரைத் தொடும் பக்கத்துக்கும் அடிமுனைக்கும் தார் பூசுங்கள். சிமென்ட் ஈரம் ஏறுவது அந்த வழியாகத்தான்.

மலைவேம்பு வேறு மரம். லேசானது, பிளைவுட்டுக்கு ஏற்றது, நிலைக்கு வேண்டாம்.

வீட்டு மரத்தை வெட்டி அறுக்கக் கொண்டுவருபவர்கள், வெட்டிய அன்றே இரு முனையிலும் பழைய பெயின்ட் பூசிவிடுங்கள். இல்லையென்றால் முனையிலிருந்து வெடிப்பு ஓடும். சுற்றளவை நான்கால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது வழக்கமான கணக்கு: 4 அடி சுற்று, 10 அடி நீளம் என்றால் 10 கன அடி. பட்டை, வெள்ளை, வாள் தின்றது எல்லாம் போக, கையில் வரும் சட்டம் அதைவிடக் குறைவாகவே இருக்கும். சுற்று 3 அடிக்குக் கீழ் என்றால் நிலைக்கு வைரம் போதாமல் போகலாம். அறுக்கும் முன் முனையைக் காட்டுங்கள், வைரத்தை அளந்து சொல்கிறோம்.