‘இல்லை’ என்று எழுதியவள் நான்தான்

தொழிற்சாலை விபத்துகளைக் கணக்கெடுக்கும் அதிகாரிகளுக்கு வணக்கம்.

திருநெல்வேலி பேட்டையில் தகரம் அடிக்கும் ஒரு பட்டறையில் பதினோரு வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். முதலாளிகளுக்கு நீங்கள் அனுப்பும் விபத்து விவரப் படிவத்தை இங்கே நிரப்புவது நான்தான். போன வாரம் புதுப் படிவம் வந்தது. ‘காயமடைந்தோர்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் இந்தத் தடவை கை ஓடவில்லை.

போன ஆடியில் தகரத்தை அழுத்தி வெட்டும் பவர் பிரஸ் மிஷினில் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவருக்கு வலது கையில் இரண்டு விரல் போய்விட்டது. வேலை சுணங்குகிறது என்று மிஷினில் இருந்த தடுப்பைக் கழற்றி வைத்து ரொம்ப நாளாகிறது. சரி, அதை விடுங்கள். அப்புறம் நடந்ததைத்தான் நான் சொல்ல வேண்டும்.

அடிபட்டவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாமல் போனால் தகவல் கொடுக்க வேண்டும் என்று பழைய தொழிற்சாலைகள் சட்டத்தின் 88ஆவது பிரிவு சொன்னது. உங்களுக்கு அது தெரியும், முதலாளிகளுக்கும் தெரியும். அதனால் மறுநாள் காலையிலேயே அவரை ஆட்டோவில் கூட்டிவந்து குடோன் வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார்கள். கட்டுப் போட்ட கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒன்பது நாள் அங்கேயே இருந்தார். மத்தியானம் வலி தாங்காமல் கண்ணை மூடிக்கொள்வார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட முடியாததால், அவருடைய இடது கைப் பெருவிரலைப் பிடித்து மையில் உருட்டினேன். தனியார் ஆஸ்பத்திரிச் சீட்டில் ‘பைக்கிலிருந்து விழுந்தது’ என்று எழுதி வாங்கியாகிவிட்டது.

“நீ ஒண்ணும் எழுதிராதம்மா, மொதலாளி வேலைய விட்டு அனுப்பிருவாவ” என்று அவரே என்னிடம் கெஞ்சினார். விபத்து: இல்லை. இழந்த வேலை நாள்: இல்லை. அப்படித்தான் எழுதினேன். அந்தத் தாளை வைத்துத்தான் நீங்கள் மாவட்டக் கணக்குப் போடுகிறீர்கள்.

ஐயா, அடிபட்டவரிடம் கேளுங்கள். முதலாளியிடம் மட்டும் கேட்டால் போதாது.

எங்கள் ஊர்ப் பக்கம் எத்தனை பேர் உங்கள் படிவத்துக்கே வராதவர்கள்! முக்கூடலிலும் மேலப்பாளையத்திலும் மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றும் பெண்களுக்கு வீடுதான் வேலை இடம். அவர்களுடைய இருமலையும் முதுகு வலியையும் எந்த முதலாளி எழுதித் தருவார்? 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் கல்குவாரியில் பாறை சரிந்து நாலு பேர் செத்தபோது ஊரே திரண்டது, அதை யாராலும் மறைக்க முடியவில்லை. விரல் போனால் கூட்டம் கூடுவதில்லை. மின்சாரத்தில் ஓடும் பட்டறை சட்டப்படி தொழிற்சாலை ஆவதற்கு 10 ஆள் என்றிருந்த எல்லையை 2020இல் வந்த தொழிலாளர் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 20 ஆக்கிவிட்டது. எங்களிடம் இருப்பது 16 பேர். இனி அந்தப் படிவமும் வராமல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது.

இந்தக் குறை இங்கே மட்டும் இல்லை. அமெரிக்காவிலும் 1970களிலிருந்து முதலாளிகளிடம் கேட்டுத்தான் ஆண்டுக் கணக்கு எடுக்கிறார்கள். ஆய்வாளர்கள் அதை நஷ்டஈட்டு மனுக்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, ஏராளமான காயங்கள் விடுபட்டிருந்தது தெரிந்தது. வீடுகளில் போய்க் கேட்டு விபத்துக் கணக்கு எடுப்பது எப்படி என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பே வழிகாட்டி நூல் போட்டிருக்கிறது. வழி இல்லாமல் இல்லை.

கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகப் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். தயவுசெய்து வருடத்தில் ஒரு தடவையாவது பட்டறைக்கு வெளியே, முதலாளி இல்லாத இடத்தில், தொழிலாளிகளிடம் கேளுங்கள். ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டையும் தொழிலாளர் காப்பீடான இஎஸ்ஐக்கு வரும் மனுக்களையும் எங்கள் படிவத்தோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். சொன்னவரின் பெயர் வெளியே வராது என்று எழுத்தில் உறுதி கொடுங்கள். அடிபட்டவரிடம் கேளுங்கள் என்பதைத்தான் திரும்பவும் கேட்டுக்கொள்கிறேன்.

அந்த அண்ணன் இப்போது பட்டறையைக் கூட்டிப் பெருக்குகிறார், சம்பளம் பாதி. படிவம் என் மேசையில் இருக்கிறது. அந்த ஒரு கட்டத்தை இன்னும் நிரப்பவில்லை.

இப்படிக்கு,
பேட்டையிலிருந்து ஒரு கணக்கு எழுதுபவள்